தாத்தா ஏன் கணக்குத் தப்புகிறார்?



இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவன் என்னிடம் ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு மாணவன். கெட்டிக்காரன். மனக்கணக்கில் அவனை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தாமதமாகத்தான் வருவான். மணி அடித்து, நாட்டுப்பண் பாடி முடித்து, வருகைப் பதிவேட்டை நான் மூடி வைத்த பிறகு வாசலில் வந்து நிற்பான். காரணம் கேட்டால் வாய் திறக்க மாட்டான்.

நானும் பல ஆண்டுகள் பிள்ளைகளோடு மாரடித்தவள். 'சோம்பல்' என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் அவனை அரைமணி நேரம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன்.

அன்று பள்ளி விட்டுப் போகையில் அவன் பையிலிருந்து ஒரு தாள் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். அவன் கையெழுத்துதான். 'காலை: வெள்ளை 1, சிவப்பு 1. சோற்றோடு: பெரிய மாத்திரை 2. ராத்திரி: தாத்தா சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும்.'

"என்னப்பா இது?" என்றேன்.

"தாத்தாவுக்கு மருந்து எடுத்துக் குடுத்துட்டுத்தான் வரணும் டீச்சர். இல்லேன்னா ரெண்டு தடவ சாப்பிட்டுடுவாரு. சில நாளு சாப்பிடவே மாட்டாரு. நேத்து என்னைய எங்கப்பான்னு நெனச்சிக் கூப்பிட்டாரு."

"இதை ஏன் என்கிட்ட முன்னமே சொல்லல?"

"வெளியே சொல்லாதேன்னு அம்மா சொல்லிட்டாங்க டீச்சர். தாத்தாவுக்குப் பைத்தியம்னு பேசுவாங்களாம்."

அந்தப் பிள்ளையை வெயிலில் நிற்க வைத்ததை எண்ணி அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

தாத்தா எழுபதை நெருங்குகிறவர். ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் எங்கள் ஜொகூர் தோட்டங்களில் ஒன்றில் தண்டலாக இருந்தவர். நிறுவைக் கொட்டகையில் முப்பது நாற்பது பேர் கொண்டுவந்த பாலின் எடையைத் தாளைப் பார்க்காமலே ஒப்புவிப்பாராம். இனிப்பு நீர் வியாதியால் சிறுநீரகங்கள் கெட்டு, ஆறு ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்கிறார். செவ்வாய், வியாழன், சனி வேனில் பட்டணத்துக்குப் போய் வருகிறார். மகன் விடியற்காலையிலேயே சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார். மருமகள் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கப் போய்விடுகிறார். வீட்டில் மிஞ்சுவது தாத்தாவும் பேரனும்தான்.

"வயசாயிடுச்சு டீச்சர். அதோட பிடிவாதம் வேற. சொன்னா கேக்கிறதே இல்ல" என்றார் மருமகள்.

"டயாலிசிஸ் மையத்தில் தாதிகளிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"அவங்க கிட்னியத்தானே பாக்கிறாங்க? மறதிய எதுக்கு அவங்ககிட்ட சொல்லணும்?"

வாசகர்களே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இத்தனையும் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. ஆனால் தேடிப் படித்தும் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை என்று நினைக்கிறேன். மலேசியாவில் இன்று டயாலிசிஸ் செய்துகொள்வோர் 50,000 பேருக்கும் மேல். புதிதாகச் சேர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூலகாரணம் இனிப்பு நீர் வியாதி. இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இருப்பார்.

சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் என்ன உறவு?

நம் உடலில் முஷ்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இரத்தத்தில் சேரும் கழிவையும் மிகுதியான நீரையும் இவை பிரித்து வெளியேற்றுகின்றன. இவை கெட்டுப்போனால் கழிவு இரத்தத்திலேயே தங்கி மூளையை மயக்குகிறது. முன்காலத்தில் சிறுநீரகம் முற்றிலும் கெட்டவர்கள் நினைவிழந்து இறந்தார்கள்.

நெதர்லாந்து நாட்டில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு நடுவே ஒரு செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். 1945-இல் அந்த இயந்திரத்தால் முதன்முதலாகப் பிழைத்தவர் 67 வயதுப் பெண்மணி ஒருவர். நினைவற்றுக் கிடந்த அவர், இரத்தம் சுத்தமாகச் சுத்தமாகக் கண் விழித்துப் பேசினார். ஆக, டயாலிசிஸ் இயந்திரம் தன் முதல் வெற்றியிலேயே ஒரு மனிதருக்கு அறிவைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு 1960-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் மருத்துவர் ஸ்கிரிப்னர், கையில் நிலையாக ஒரு குழாயைப் பொருத்தி, திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்யும் வழியைக் கண்டார். அதனால்தான் இன்று பலர் பத்து, இருபது ஆண்டுகள்கூட வாழ முடிகிறது. நம் நாட்டில் இதற்காகவே பாடுபடும் தேசியச் சிறுநீரக அறவாரியம் 1969-இல் தோன்றியது.

ஆனால் இயற்கையான சிறுநீரகம் இரவும் பகலும் ஓயாமல் உழைப்பது. இயந்திரமோ பெரும்பாலோருக்கு வாரத்தில் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரந்தான். இடைப்பட்ட நாள்களில் கழிவும் நீரும் மறுபடி சேர்கின்றன.

இன்னொன்றும் உண்டு. மூளை நம் உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே இருக்கும். ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சிறுநீரகங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. இரண்டிலும் மயிரிழை போன்ற நுண்குழாய்களே வேலை செய்கின்றன. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்து நுண்குழாய்களை அரித்திருந்தால், மூளையின் நுண்குழாய்களை மட்டும் விட்டுவைக்குமா? ஒரே வாய்க்கால் இரண்டு வயல்களுக்குப் பாய்கிறது. தண்ணீர் கெட்டால் இரண்டு வயலும்தான் வாடும்.

2006-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளும், 55 வயதும் அதற்கு மேலும் ஆன 374 பேரை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 37 பேருக்கு நினைவிலும் சிந்தனையிலும் கடுமையான குறைபாடு இருந்தது. எந்தக் குறையும் இல்லாதவர்கள் நூற்றுக்கு 13 பேர்தாம். நம்மைத் திடுக்கிட வைப்பது அடுத்த எண். இந்தக் குறை மருத்துவப் பதிவில் எழுதப்பட்டிருந்தது நூற்றுக்கு 3 பேருக்கு மட்டுமே! வீட்டார் சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை. நாம் போன வீட்டில் நடந்ததும் அதுவேதான்.

இது எப்படிப்பட்ட மறதி?

மறதி என்றதும் பழைய பெயர்களும் முகங்களும் மறந்துபோவதைத்தான் நாம் நினைக்கிறோம். டயாலிசிஸ் செய்கிறவர்களிடம் பெரும்பாலும் முதலில் தெரிவது அதுவல்ல. சிந்தனை மெதுவாகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலையில் வரிசை குழம்பும். தேநீர் கலக்கப் போனவர் சர்க்கரை டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கடையில் மீதிப் பணத்தை எண்ணத் தடுமாறுவார். ஒரே நேரத்தில் இருவர் பேசினால் எரிச்சல்படுவார். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கதையை ஒன்றுவிடாமல் சொல்லுவார். காலையில் மாத்திரை போட்டோமா என்பது நினைவிராது.

'பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, மாத்திரை மட்டும் மறந்துடுமா? எல்லாம் நடிப்பு' என்று வீட்டார் கோபிப்பது இதனால்தான். அது நடிப்பு அல்ல, பிடிவாதமும் அல்ல. பழைய நினைவுக்கும் புதுவேலைத் திட்டத்துக்கும் மூளை ஒரே மாதிரி உழைப்பதில்லை.

நேரத்துக்கு நேரமும் இது மாறும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் வெவ்வேறு வேளைகளில் சோதித்துப் பார்த்து, 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இயந்திரத்தில் படுத்திருக்கும்போது சிந்தனை மிக மந்தமாக இருந்தது. டயாலிசிஸ் தொடங்குவதற்குச் சற்று முன்னும், செய்துகொண்ட மறுநாளும் தெளிவாக இருந்தது. ஆகையால் சேமநிதித் தாளிலோ நிலப் பத்திரத்திலோ கையொப்பம் வாங்க வேண்டுமானால், இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் நேரத்தில் வாங்காதீர்கள். புது மருந்தை விளக்குவதானாலும் மறுநாள் காலையில், நிதானமாக உட்கார்ந்து பேசுங்கள்.

தண்ணீர் சொன்ன பாடம்

'கிட்னிக்காரருக்கு மறதி சகஜம்' என்று கையைக் கட்டிக்கொள்ளலாமா? கூடாது என்பதற்கு ஒரு பழைய வரலாறு சான்று.

அமெரிக்காவின் டென்வர் நகரில் மருத்துவர் ஆலன் ஆல்ஃப்ரேயும் அவருடைய குழுவினரும் 1972-இல் ஒரு விநோத நோயைப் பற்றி எழுதினார்கள். நீண்ட காலம் டயாலிசிஸ் செய்தவர்களில் சிலருக்குப் பேச்சுத் திக்கியது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. புத்தி தடுமாறியது. டயாலிசிஸ் முடிந்த கையோடு நிலைமை இன்னும் மோசமானது. சில மாதங்களில் உயிரே போனது. 1976-இல் அதே குழு, இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் மிகுதியாக இருப்பதைக் கண்டு வெளியிட்டது.

அலுமினியம் மூளைக்குள் எப்படிப் போனது? நம் பெரியவர்கள் ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்கப் படிகாரத்தைப் போட்டுக் கலக்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழாய்த் தண்ணீரைத் தெளிய வைக்கவும் பல ஊர்களில் படிகாரந்தான். அதில் இருப்பது அலுமினியம். நாம் குடிக்கும்போது அதில் மிகச் சிறு அளவே உடலில் சேர்கிறது. அதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் செய்பவருக்கோ ஒருமுறைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வுக்கு அப்பால் இரத்தத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. வாரத்துக்கு 360 லிட்டர்! நாம் குடிப்பது வாரத்துக்குப் பதினான்கு பதினைந்து லிட்டர்தான். அந்தக் காலத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்த சில மாத்திரைகளிலும் அலுமினியம் இருந்தது.

பிரிட்டனில் 18 மையங்களைச் சேர்ந்த 1,293 நோயாளிகளை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட அறிக்கையும் தண்ணீரையே சுட்டிக்காட்டியது. நீரைச் சவ்வில் அழுத்தி வடிகட்டிச் சுத்தம் செய்யும் முறை பரவியதும் இந்த நோய் அரிதாகிவிட்டது. கவனம் தவறினால் மறுபடி வரும் என்பதையும் மறக்கலாகாது. 1996-இல் கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவில், சிமெண்டு பூசிய புதுக் குழாயிலிருந்து அலுமினியம் கரைந்து வந்து டயாலிசிஸ் நோயாளிகள் 10 பேர் இறந்தார்கள். மையங்களில் தண்ணீரை அடிக்கடி சோதிப்பது வீண் வேலையல்ல.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? புத்தி தடுமாறியவர்களைப் பார்த்து, 'இது அவர்கள் விதி' என்று அந்த மருத்துவர்கள் விட்டுவிடவில்லை. 'ஏன்?' என்று கேட்டார்கள். கேட்டதால் காரணம் அகப்பட்டது. காரணம் அகப்பட்டதால் பல்லாயிரம் பேருடைய மூளை தப்பியது.

நம் வீட்டில் ஒளிந்திருக்கும் காரணங்கள்

இன்று டயாலிசிஸ் செய்வோருடைய மந்தத்துக்குக் காரணம் ஒன்றல்ல, பல. நுண்குழாய் அரிப்பு போன்ற சிலவற்றைத் திருப்ப முடியாது. பலவற்றைத் திருத்த முடியும். எந்தெந்தக் காரணங்கள் என்று பாருங்கள்.

முதலாவது, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது. ஒருமுறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே உடம்பில் அதிக நீர் சேர்ந்துவிட்டால், நான்கு மணி நேரத்தில் அத்தனையையும் இறைக்க வேண்டியிருக்கிறது. அப்போது அழுத்தம் இறங்கி, மூளைக்கு இரத்தம் குறைகிறது. தலை சுற்றல், கொட்டாவி, மயக்கம் எல்லாம் இதன் அறிகுறிகள். அடிக்கடி நடந்தால் மூளைக்குக் கேடு. கருவாடு, ஊறுகாய், பிளாச்சான், பாக்கெட் மீ ஆகியவற்றின் உப்பு தாகத்தைக் கிளப்பும். தாகம் தண்ணீரைக் கேட்கும். உப்பைக் குறைப்பது இதயத்துக்கு மட்டுமல்ல, புத்திக்கும் காவல்.

இரண்டாவது, இரத்தச் சோகை. இரத்த அணுக்களை உண்டாக்கத் தூண்டும் சுரப்புநீரும் சிறுநீரகத்திலிருந்தே வருகிறது. அது குறைந்தால் சோகை. சோகை வந்தால் மூளைக்கு உயிர்க்காற்று குறைவு. இதற்கு ஊசி மருந்து உண்டு.

மூன்றாவது, இனிப்பு மிகவும் இறங்கிவிடுவது. சிறுநீரகம் கெட்டவர் உடலில் இன்சுலின் நெடுநேரம் தங்கும். சில மாத்திரைகளும் அப்படியே. பழைய அளவையே தொடர்ந்து போட்டுக்கொண்டு, பசியில்லை என்று இரவில் சாப்பிடாமல் படுத்தால், இனிப்பு அபாயமாக இறங்கும். வியர்வை, நடுக்கம், காரணமில்லாத கோபம், உளறல் காணும். பார்ப்பவர்களுக்குப் பைத்தியம்போலத் தோன்றும்.

நான்காவது, மருந்துகள். வலி, சளி, தூக்கமின்மை என்று கடையில் வாங்கும் மாத்திரைகளில் பல மூளையை மந்தப்படுத்துபவை. தசைப்பிடிப்புக்குத் தரும் பேக்லோஃபென், நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், அக்கிக்குத் தரும் அசைக்ளோவிர் போன்றவை சிறுநீர் வழியே வெளியேற வேண்டியவை. வழி அடைபட்டவர் உடலில் அவை தேங்கிக் குழப்பத்தை உண்டாக்கும். வயிற்றுப் புளிப்புக்கு விற்கும் வெள்ளை மருந்துகள் சிலவற்றில் அலுமினியமோ மக்னீசியமோ உண்டு. ஆகவே எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், 'இவர் டயாலிசிஸ் செய்கிறவர்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நாட்டு மருந்து, ஜாமு எதையும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது, நம் வீட்டுக் கொல்லையிலேயே காய்க்கும் பெலிம்பிங் பழம். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம்போல் இருக்குமே, அதுதான். மற்றவர்களுக்கு நல்ல பழம். டயாலிசிஸ் செய்கிறவருக்கோ நஞ்சு. பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 1998-இல் ஆறு நோயாளிகளிடம் கண்டதை எழுதினார்கள். பழத்தைத் தின்ற பிறகு விடாத விக்கலும் புத்தித் தடுமாற்றமும் வந்தன. வலிப்பு கண்டு இறப்பதும் உண்டு. 2013-இல் அந்நாட்டு ஆய்வாளர்களே அதிலுள்ள நஞ்சைப் பிரித்தெடுத்து, கரம்பாக்சின் என்று பெயரிட்டார்கள். ஒரு துண்டுகூட வேண்டாம், சாறும் வேண்டாம். தின்றுவிட்டு விக்கல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆறாவது, மனச்சோர்வு. காலமெல்லாம் உழைத்த மனிதர் வேனுக்காகக் காத்துக் கிடக்கும்போது மனம் ஒடியாதா? மனம் ஒடிந்தவரும் மறதிக்காரர்போலவே தோன்றுவார். இதற்கும் சிகிச்சை உண்டு. காது மந்தம், கண் மங்கல், இரவில் மூச்சுத் திணறிக் கெடும் தூக்கம், டயாலிசிஸைத் தவறவிடுவது ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். வேன் கூலிக்கு வழியில்லாமல் ஒரு முறை தவறுவதாயிருந்தால் வெட்கப்படாமல் மையத்தில் சொல்லுங்கள். சந்தா கட்டித் தகுதி பெற்றவர்களுக்குச் சொக்சோ டயாலிசிஸ் செலவுக்கு உதவுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

திடீரென்று வந்தால் பொறுக்காதீர்கள்

மாதக்கணக்கில் மெல்ல வரும் மந்தத்தை அடுத்த டயாலிசிஸ் நாளில் சொல்லலாம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று உளறினால் அது வேறு. வாய் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அடையாளம். குளிரும் காய்ச்சலுமாகக் குழம்பினால் இரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம். டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பதால், குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டவருக்கு உள்ளே இரத்தம் கசியலாம். சில நாள் கழித்துக்கூடக் குழப்பம் தோன்றலாம். இவற்றில் எதுவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் 999-ஐ அழையுங்கள். இனிப்பு இறங்கியதாகச் சந்தேகப்பட்டால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரை கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு பத்துக்காசு நோட்டுப் புத்தகம் போதும். என்றைக்கு, எந்த வேளையில், என்ன தடுமாற்றம் என்று எழுதுங்கள். 'மறதி அதிகம்' என்று எழுதினால் மருத்துவருக்குப் பயனில்லை. 'புதன் இரவு 9 மணி, சாப்பிடவில்லை, வியர்த்தது, மகனை அடையாளம் தெரியவில்லை' என்று எழுதினால் அதிலேயே காரணம் தெரிந்துவிடும்.

வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு மையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடையில் வாங்கியதையும் மறைக்காதீர்கள்.

மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரிக்கும் பெட்டியில் ஞாயிறுதோறும் ஒரு பெரியவர் அடுக்கி வையுங்கள். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் சுமத்தாதீர்கள். தாத்தாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது பேரன் கடமை. மருந்தின் அளவு தவறிவிடுமோ என்று அஞ்சுவது அவன் கடமை அல்ல.

மருத்துவர் கடிகாரம் வரையச் சொல்லலாம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லலாம். இதில் ஓர் ஆசிரியையாக ஒன்று சொல்வேன். மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராதவரிடம் அந்த மொழியில் கேட்டால் அவர் தடுமாறத்தான் செய்வார். பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவர் எழுத்தில் தோற்கத்தான் செய்வார். அது மூளையின் குறையல்ல. கூடப் போகிறவர் தமிழில் விளக்கி உதவுங்கள்; அவர் எவ்வளவு படித்தவர் என்பதையும் சொல்லுங்கள்.

நடக்கச் செய்யுங்கள். இத்தாலியில் டயாலிசிஸ் செய்யும் 296 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் டயாலிசிஸ் இல்லாத நாள்களில் வீட்டருகே பத்துப் பத்து நிமிடமாக நடந்தார்கள். ஆறு மாதத்தில் கால்கள் வலுத்ததோடு, தங்கள் சிந்தனையும் தெளிவானதாக அவர்கள் அளித்த பதில்கள் காட்டின. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மாலையில் பேரனின் கையைப் பிடித்துக் கோயில்வரை போய்வந்தால் செலவு ஏதுமில்லை.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தக்கூடியவராக இருந்தால் அதைப் பற்றியும் கேளுங்கள். நம் நாட்டில் 1975-இலேயே கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய சிகிச்சை அது. பொருத்திக்கொண்டவர்கள் பலரிடம் சிந்தனைத் திறன் தேறியதை ஆய்வுகள் காட்டுகின்றன.

அந்தத் தாத்தா என்னவானார்?

மருமகள் ஒரு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு, மருந்துப் பையோடும் நோட்டுப் புத்தகத்தோடும் தாத்தாவுடன் மையத்துக்குப் போனார். எழுதி வைத்திருந்ததைப் படித்த தாதி உடனே மருத்துவரை அழைத்தாராம். தாத்தா டயாலிசிஸுக்கு முன்பு போட்ட அளவிலேயே இனிப்பு நீர் மருந்தைப் போட்டு வந்திருக்கிறார்; அதுவும் சில நாள் இரண்டு முறை. தூக்கத்துக்கென்று கடையில் வாங்கிய சளி மாத்திரை வேறு. இரண்டையும் மாற்றினார்கள். உப்பையும் நீரையும் கட்டுப்படுத்தச் சொன்னார்கள்.

தாத்தா முற்றிலும் குணமாகிவிட்டார் என்று நான் பொய் சொல்லமாட்டேன். கணக்கு இன்னும் தப்புகிறது. வேன் வரும் நாள் எதுவென்று இன்னும் கேட்கிறார். ஆனால் இரவில் உளறுவது நின்றுவிட்டது. பேரனைப் பேரன் என்று தெரிந்து பெயர் சொல்லி அழைக்கிறார். மாலையில் அவனை உட்கார வைத்து, நிறுவைக் கொட்டகைக் கதைகளைச் சொல்கிறார். எண்ணில் அவர் தடுமாறும்போது பேரன் எடுத்துக் கொடுக்கிறான். யாரும் திட்டுவதில்லை.

பையன் மணியடிக்குமுன் பள்ளிக்கு வரத் தொடங்கினான். ஒரு நாள் காலையில், வகுப்பறையில் அவனை அழைத்து, "நான் காரணம் கேளாமல் உன்னை வெளியே நிற்க வைத்தது தவறு" என்று சொன்னேன். ஆசிரியை மன்னிப்புக் கேட்பதைப் பார்த்திராத அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

கணக்கு வராத பிள்ளையை அடிக்குமுன் அவனுக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்த நீதி பொருந்தும். 'வயசாயிடுச்சு' என்று சொல்லுமுன் 'ஏன்' என்று கேளுங்கள். மறதியைச் சொல்வதில் மானக்கேடு இல்லை. மறைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அடுத்த முறை வேன் வந்து நிற்கும்போது, உங்கள் வீட்டுப் பெரியவரோடு அந்த நோட்டுப் புத்தகமும் ஏறட்டும்.